பனி கிடைக்கும்வரை

சூரியக் குடும்பத்தின் கடைக்கோடியில் சுற்றும் குட்டி உலகம் அது. அங்கிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, மேற்பரப்பில் பனி இருப்பதாகக் காலையில்தான் அறிவித்திருந்தார் விஞ்ஞானி.

மதியம் ஆராய்ச்சி மாணவி ஓடிவந்தாள்.

"சார், பனி அங்க இல்ல. நம்ம கருவியோட கண்ணாடியில படிஞ்சிருக்கு. அதைத்தான் அளந்திருக்கோம்!"

தலையில் கைவைத்து உட்கார்ந்தவரின் செல்போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, பனியக் கண்டுபிடிச்சிட்டியாமே! டிவியில சொன்னாங்க."

"அத விடு. அம்மா எப்படியிருக்காங்க? நாளைக்கே கிளம்பி வரேன்."

மறுமுனையில் விசும்பல்.

"பனி கிடைக்கிற வரைக்கும் உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கண்ணா. அம்மாவ போன வாரமே எடுத்துட்டோம்."

போனைக் காதில் வைத்தபடியே அவர் எழுந்து கருவி இருந்த அறைக்கு நடந்தார்.

"கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டாங்க. பனி நெஜமாவே இருக்காண்ணா?"

மாணவி கருவியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் பனிதான்."