ஐந்துக்கும் பொருந்தியவள்

"புருஷன் தவறினவங்களா இருக்கணும். அதுதான் முதல் கண்டிஷன்" என்றார் வரன்.

திருமணத் தகவல் மையத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கீபோர்டில் தட்டினாள். எக்செல் ஷீட்டில் நாலாயிரத்துச் சொச்சம் வரிசைகள். வரிசைக்கு ஒரு பெண். கேட்கிற நிபந்தனைகள் அத்தனையும் ஒருசேரப் பொருந்துகிற வரிசைகளை மட்டும் எண்ணிச் சொல்லும் ஃபார்முலா ஒன்றை எழுதி வைத்திருந்தாள்.

"முன்னூத்தி எண்பத்தாறு பேர் இருக்காங்க சார்."

"நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல."

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"சொந்த வீடு. அதுவும் அவங்க பேர்லயே இருக்கணும்."

"முப்பத்தெட்டு."

"குழந்தைங்க இருக்கக் கூடாது."

"ஒன்பது."

வரன் காலரைச் சரிசெய்துகொண்டார். ஐம்பத்தைந்து வயது, சாயம் பூசிய தலை, மழித்த மீசை, வெண்ணெய் தடவிய குரல். "கடைசியா ஒண்ணு. அண்ணன் தம்பி, மாமன் மச்சான்னு கேள்வி கேக்க ஒருத்தரும் இருக்கக் கூடாது. பிக்கல் பிடுங்கல் இல்லாம நிம்மதியா இருக்கணும் பாருங்க."

ஆபரேட்டரின் விரல்கள் நின்றன. இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறாள். அந்த முகத்தில் மனதுக்குள் ஒரு மீசையை ஒட்டிப் பார்த்தாள்.

அவரேதான். மூன்று வருடத்துக்கு முன், அவள் வேலை பார்த்த வேறொரு மையத்துக்கு வேறொரு பெயரில் வந்தவர். அன்றைக்கும் இதே ஐந்து நிபந்தனைகள். அகப்பட்டவள் ஓய்வுபெற்ற டீச்சர். ஆறே மாதத்தில் வீடு கைமாறியது. மாப்பிள்ளை காணாமல் போனார். டீச்சர் ஒருநாள் கையில் ஒரு துணிப்பையோடு மையத்துக்கு வந்து, பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். அதை ஆபரேட்டர் இன்னும் மறக்கவில்லை.

ஐந்தாவது நிபந்தனையையும் சேர்த்து என்டர் தட்டினாள். திரையில் பூஜ்யம் விழுந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"யாருமே இல்ல சார்."

வரன் எழுந்துவிட்டார். ஆனால் பக்கத்து மேஜை முதலாளியம்மா விடுவதாக இல்லை. "அதெப்படி இல்லாம போகும்? சொந்தபந்தம் 'இல்லை'ங்கறதுக்குப் பின்னாடி ஸ்பேஸ் விழுந்திருக்கும், அதான் ஃபார்முலா எண்ணாம விட்டிருக்கு. போன மாசமும் இதே கூத்துதானே? சரி பண்ணிட்டுப் பாரு."

சரி பண்ணினாள். பூஜ்யம், ஒன்று ஆனது.

"ஒருத்தர் இருக்காங்க" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

வரன் போட்டோ கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. "வீடு எத்தனை மாடி?" என்று கேட்டார்.

"அவங்க சம்மதம் வாங்கிட்டு நாளைக்குச் சொல்றோம்" என்று முதலாளியம்மா அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

"அம்மா, அந்த ஆளு சரியில்ல..." என்று ஆரம்பித்தாள் ஆபரேட்டர்.

"நம்ம வேலை சேர்த்து வைக்கறது. துப்பு துலக்கறது இல்ல. அந்தம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லு." முதலாளியம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

ஆபரேட்டர் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வேலை போனால் போகட்டும் என்று எண்களை அழுத்தினாள்.

"அம்மா, உங்களுக்கு ஒரு வரன் வந்திருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க."

மறுமுனையில் அந்தம்மா சிரித்தார். "வரன் சொல்ற அழகாம்மா இது?"

ஆபரேட்டர் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். மழித்த மீசை, மாற்றிய பெயர், டீச்சர், துணிப்பை, மாடிக் கேள்வி, எல்லாவற்றையும். அந்தம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்குச் சொந்தபந்தம் யாராவது?" என்றார் கடைசியில்.

"ஒருத்தரும் இல்லன்னு எழுதியிருக்கார்."

"ஐயோ பாவம். உடம்பெல்லாம் எப்படி?"

"பிரஷர் மாத்திரை சாப்பிடறதா போட்டிருக்கு. அதையெல்லாம் எதுக்கும்மா கேக்கறீங்க? அந்த ஆளுக்கு வேண்டியது நீங்க இல்ல, உங்க வீடு!"

"இருக்கட்டும்மா. திருந்தாத மனுஷன்னு உண்டா? நாளைக்குச் சாயங்காலமே அனுப்பி வை. நானும் ஒரு ஆம்பளைக்குச் சமைச்சுப் போட்டு ரொம்ப நாளாச்சு."

போன் வைக்கப்பட்டது.

ஆபரேட்டர் மறுபடி திரையின் பக்கம் திரும்பினாள். தனிமை ஒரு மனுஷியின் கண்ணை இப்படியா மறைக்கும்? எச்சரித்தும் கேட்காதவரை என்ன செய்வது? நாளைக்கு ஏதாவது நடந்தால், சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது. எழுத்திலாவது இருக்கட்டும் என்று அந்தம்மாவின் வரிசையைத் திறந்தாள். அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே யாரோ ஏற்றிய வரிசை அது. குறிப்பு எழுத வலது கோடிக்கு நகர்ந்தாள்.

வழியில் 'காலமான கணவர்' என்ற பத்தி ரொம்ப ஒடுக்கமாக இருந்தது. பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அந்த நல்ல மனுஷன் யாரென்று தெரிந்துகொள்ளலாமே என்று பத்தியின் ஓரத்தில் இரண்டு முறை கிளிக் செய்தாள்.

பத்தி விரிந்துகொண்டே போய், வருடத்துக்கு ஒருவராக நான்கு கணவர்களைக் காட்டிவிட்டு நின்றது.