பரிசு: பூஜ்யம்

"இது கடைசிச் சுற்று. இந்தச் சுற்றில் பரிசு, பூஜ்யம் புள்ளி."

அறிவிப்பை உரக்கப் படித்துவிட்டு அவள் தன் கணினியின் முன் உட்கார்ந்தாள். எட்டு மாத வயிறு மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளியே உட்கார வைத்தது.

அட்டைத் தடுப்புகளுக்குள் பன்னிரண்டு தலைகள். யாருக்கும் யாரையும் பார்க்க முடியாது, யாரோடு மோதுகிறோம் என்றும் தெரியாது. அப்படித்தான் விதி.

ஆனால் மூன்றாம் தடுப்பிலிருந்து வந்த செருமல் யாருடையது என்று ஒன்பதாம் தடுப்புக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றில் அவளுடைய அப்பா, தையற்கடைக்காரர். ஒன்பதில் மாமனார், தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. சுற்றுக்குச் சுற்று ஆளுக்கு நூறு புள்ளி. இருவர் மோத வேண்டும், அதிகம் போட்டவருக்குப் பரிசு. ஜெயித்தாலும் தோற்றாலும் போட்டது போனதுதான். போடாமல் வைத்துக்கொண்டது அவரவருக்கு.

இருபது பெறாத பரிசுக்கு எண்பதைக் கொட்டுகிறவர்களை மூன்று வருடமாகப் பார்த்து அவள் எழுதி வைத்திருக்கிறாள். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

காலையில் இருவருக்கும் போன் செய்து அழாத குறையாகக் கெஞ்சியிருந்தாள். ரெண்டு பேர் வரவில்லை, பன்னிரண்டு சேராவிட்டால் சோதனையே ரத்து, படிப்பே போய்விடும் என்று. இருவரும் ஒரே டாக்சியில், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் ஐந்து மாதமாகச் சண்டை. அப்பா பிடிவாதமாக நிற்கும் பெயர் எந்த விண்ணப்பத்தின் கட்டத்துக்குள்ளும் அடங்காது. மாமனார் சொல்லும் பெயரைக் கூப்பிட்டால் யாரோ தும்மிய மாதிரி இருக்கும்.

எதற்கெடுத்தாலும் பந்தயம் கட்டுகிறவர்கள். வாசலிலேயே கட்டிவிட்டார்கள்.

"இதுல ஜெயிக்கிறவர் பேர் வைக்கட்டும். என்ன சம்பந்தி, சம்மதமா?"

"தாராளமா!"

அவள்தான் நடுவில் புகுந்து திருத்தினாள். "கடைசிச் சுற்றுல யார் கையில புள்ளி அதிகமா மிஞ்சுதோ, அவங்க வைங்க. சமமா வந்துட்டா நான் வைக்கிறேன்." இரண்டு பேரும் சிரித்தார்கள். சமமாக எப்படி வரும்?

இப்போது அந்தக் கடைசிச் சுற்று. அறையில் யார் எதைத் தட்டினாலும் அவள் திரையில் தெரியும்.

அப்பா யோசிக்கவே இல்லை. துணியில் அரை அங்குலம் வீணானாலும் மனசு கேட்காத மனிதர், நூறையும் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாமனார் பூஜ்யம் தட்டினார்.

பூஜ்யம் போட்டால் நூறும் அப்படியே கையில் மிஞ்சும்.

அலுவலகத்தில் பேனா ரீஃபிலுக்கும் ரசீது கேட்டவர். புத்தி அந்தப் பக்கம்தானே போகும். இன்னும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்தினால் பிள்ளை ஆயுசு முழுக்கத் தும்மலுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். விரலை நீட்டினார்.

அப்போது மூன்றாம் தடுப்பு செருமியது. சீட்டாட்டத்தில் துருப்பு கையில் சிக்கியதும் அப்பா செருமுவாரே, அந்தச் செருமல்.

நீட்டிய விரல் அப்படியே நின்றது.

பூஜ்யம் அழிந்தது. அதே இடத்தில் ஒன்று வந்தது. பிறகு பத்து. பிறகு நூறு.

மாமனார் பொத்தானை அழுத்தினார்.

மறுநிமிடம் மூன்றாம் திரையில் 'வெற்றி' என்று வந்தது. ஒன்பதாம் திரையிலும் 'வெற்றி' என்றே வந்தது. இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் தடுப்புக்கு மேலே எழும்பின.

"பாத்தீங்களா சம்பந்தி, எப்படிச் சாய்ச்சேன்!"

"யாரை? ஜெயிச்சது நானு!"

கணினி அந்தச் சுற்றில் அப்பாவை ஒரு நர்ஸோடும் மாமனாரை ஒரு டாக்சி டிரைவரோடும் மோத விட்டிருந்தது. நர்ஸும் டிரைவரும் பூஜ்யம் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் கலைந்ததும் அவள் கணக்கை வாசித்தாள். அப்பா கையில் மிச்சம் பூஜ்யம், மாமா கையில் மிச்சம் பூஜ்யம். சமம். ஆகவே பெயர் அவள் பொறுப்பு.

மாமனார் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அது கிடக்கட்டும்மா. ஜெயிச்சது யாரு, அதை மொதல்ல சொல்லு."

"ரெண்டு பேரும்தான் மாமா."

அந்தப் பதில் இருவருக்குமே பிடிக்கவில்லை. படி இறங்கி, தெருவுக்குப் போய், டாக்சிக் கதவு சாத்தும் வரை இருவர் குரலும் கேட்டது.

அவள் கணவனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'நம்ம பேர்தான்.'

பிறகு வருகைப் பட்டியலை எடுத்துக் கோப்பில் வைத்தாள். இன்று நடந்தது வெறும் ஒத்திகை. அதற்கு அவள் கூப்பிட்டிருந்தது பத்துப் பேரை. பத்துப் பேரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.