நாலு நாளைக்கு மழை இல்லை

தெருவோர மரங்களின் இலைகள் இப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருக்கின்றன. பால்கனிக் கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்குகின்றன. கொடியில் கணவரின் வெள்ளைச் சட்டைகள் சொட்டச் சொட்ட நனைகின்றன, அவள் எடுக்கவில்லை. "அக்கா, மழை வந்துருச்சு! துணிய எடுக்கலையா?" என்று எதிர்வீட்டுக்காரி கத்துகிறாள். "இதெல்லாம் ஒரு மழையா? இன்னும் நாலு நாளைக்கு நம்ம பக்கம் மழையே கிடையாதுன்னு காலையில ரேடியோவுல எங்க வீட்டுக்காரர் வாசிச்சாரே, கேக்கலையா நீ?" மூக்கு நுனியில் வழியும் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு, கூடையிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்து உதறிக் காயப்போடுகிறாள். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தெருமுனையில் அவர் திரும்புகிறார். தொப்பலாக நனைந்திருக்கிறார், ஆனாலும் நடையில் அவசரமே இல்லை. கக்கத்தில் இடுக்கிய குடை மடித்தது மடித்தபடியே இருக்கிறது.