ஊர்வலத்தில் விழுந்தவர்

நல்லம்பள்ளி பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காவில் சுதந்திரப் போராட்டக் காட்சி நடந்தது. ஊர்வலத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்துக் கிடக்கும் பொம்மைகளோடு, பார்க்க வந்தவர்களையும் கதர்ச் சட்டை மாட்டிப் படுக்கவைத்தார்கள். கோகிலவாணியின் புருஷன் அருள்குமாரும் ஆசையாகப் போய்ப் படுத்தான்.

காட்சி முடிந்து மற்றவர்கள் எழுந்தார்கள், அவனைக் காணோம். புகைமூட்டத்தில் ஓர் உருவம் மட்டும் அசையாமல் கிடந்தது. அவன்தான் என்று நினைத்தாள் கோகிலவாணி. ஓடிப்போய்த் தோளை உலுக்கினாள்.

“ஏங்க, எந்திரிங்க. வூட்டுக்குப் போலாம், வாங்க.”

பின்னால் அருள்குமார் சிரித்தான். “அது பொம்மைடி. கூட்டிட்டுப் போனா சோறு நீதான் போடணும்.”

பொம்மைக்கு ஒரு பக்க மீசை உரிந்திருந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

இண்டூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அவர் வாசலில் நின்றார்.

“யாருங்க வேணும்?” என்றான் அருள்குமார்.

அவர் கோகிலவாணியை நிமிர்ந்து பார்த்தார். மீசை ஒரு பக்கம்தான் இருந்தது.

“நீங்கதானங்க கூப்பிட்டீங்க. இத்தன வருசமா யாருமே கூப்பிடலீங்க.”

சொல்லிவிட்டு, உள்ளே வருவதற்காக வாசல் குழாயில் கால் கழுவத் தொடங்கினார்.