பதில் வணக்கம்

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நீ படிச்சுக் கிழிக்க வேணாம்டி" என்று மாமியார் சொல்லியிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மருமகள் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் வகுப்பில் தாய்லாந்து மொழி படிக்கச் சேர்ந்தாள்.

இன்று ஆன்லைனில் வாய்மொழித் தேர்வு. தேறினால் அந்த ஊர் ஓட்டலில் வேலை. தவறினால் இதே வீடு, இதே நாத்தனார்.

"மகாராணி பரீட்சை எழுதுறாங்களாம்! பாத்திரம் யாரு கழுவுவா?" என்று வெளியிலிருந்து நாத்தனார் கத்தினாள். மருமகள் கதவைத் தாழிட்டுவிட்டுக் கேமராவின் முன் உட்கார்ந்தாள். கட்டைவிரல்கள் மூக்கு நுனியைத் தொடும்படி கைகூப்பினாள். அந்த ஊரில் பெரியவர்களை அப்படித்தான் வணங்க வேண்டும்.

"எனக்கு அப்புறமா வணக்கம் சொல்லலாம்மா. முதல்ல உங்க பின்னாடி நிக்கிற பெரியம்மாவுக்குச் சொல்லுங்க" என்றாள் திரையிலிருந்த ஆசிரியை.

"இங்க யாரும் இல்லையே, மேடம்."

"முறைக்கிறாங்க பாருங்க. மரியாதைக்குத்தான் பாதி மார்க்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர்தான் இருந்தது. மார்க்கை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைக் கும்பிட்டாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பாஸ்!" என்று சிரித்த ஆசிரியை, கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "பெரியவங்களும் பதிலுக்குக் கும்பிடணும். ஆனா பாவம், அவங்க ரெண்டு கையும் உங்க பின்னல்ல இருக்கே."

மருமகள் எழுந்திருக்கப் பார்த்தாள். தலை வரவில்லை.