துடைக்காத வரி

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், கரை திரும்பாத அறுபது படகுகளையும் ஒயர்லெஸ்ஸில் வரிசையாகக் கூப்பிட்டுப் பதில் வந்ததா என்று காட்டும் புரோகிராம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதி, கோயில் மண்டபத்தில் ஓடவிட்டிருந்தான் ரெக்சன். எல்லாம் திரையில் ஒரே வரியில்தான் வரும். பழைய எழுத்தின் மேலேயே புதியது வந்து உட்காரும். பதில் தந்த படகின் எண்ணோடு 'பதில் வந்தது' என்று எழுதும். தராத படகுக்கு 'இல்லை' என்று போட அவனுக்கு மனம் வரவில்லை. வெறும் எண்ணோடு விட்டிருந்தான்.

நாற்பத்தொன்று வரைக்கும் வெறும் எண்களே வந்தன. 'படகு 42 பதில் வந்தது' என்றதும் மண்டபமே எழுந்துவிட்டது. அடுத்து, 'படகு 43 பதில் வந்தது'.

"அண்ணே! அவுக பதில் சொல்லிட்டாக!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள் தங்கை ஜெசிந்தா. அது அவள் புருஷன் படகு.

ரெக்சன் திரையை உற்றுப் பார்த்தான். மாறியது எண் மட்டும்தான். பக்கத்தில் இருந்தது 42-இன் பழைய பதில். புதிதாக எழுதும் முன் வரியைத் துடைக்கச் சொல்லும் ஒரு கட்டளையை அவன் போட மறந்திருந்தான். இனி எந்த எண் வந்தாலும் பக்கத்தில் அந்தப் பதிலே நிற்கும்.

"அப்படியே நிப்பாட்டுண்ணே. அத்தைய கூட்டியாந்து காட்டணும்."

நிறுத்தினான். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேறொருத்தி மேசைக்கு வந்தாள்.

"தம்பி, நாப்பத்திநாலு எங்களுது. கொஞ்சம் ஓட விடுங்கய்யா."