வெளிக்கூண்டு

“மணி மூணாச்சுங்கம்மா. இன்னைக்கு மாத்தறமா, இல்லையா?”

செங்கோட்டையன், பருத்தி போட்டு வைக்கும் அறையின் வாசலில் நின்று கேட்டான். உள்ளே, தகரத்தை வளைத்துக் கட்டிய வட்டத்துக்குள் உமி பரப்பியிருந்தது. நடுவில் குண்டு பல்பு தொங்கியது. அதன் அடியில் ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை. எல்லாம் சூடு தாங்காமல் தகரத்தோரம் ஒதுங்கி நின்றன.

அவன் அம்மா பாவாத்தாள் ஒரு குஞ்சைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தாள்.

“முதுகு இன்னும் மூடல கண்ணு. நாளைக்குப் பாக்கலாம்.”

“நேத்துக் காத்துன்னீங்க. முந்தாநாத்து கீரி நடமாடுதுன்னீங்க. அதுக்கு முந்தி அமாவாசைன்னீங்க. இதுகெல்லாம் அமாவாசைக்கு விரதம் இருக்குதுகளா?”

“எளசுக சாமி. வெளிய குளுந்துச்சுன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சடைச்சுப் போயிரும்.”

“இங்க வெக்கையிலயே போயிரும். இன்னுங் கொஞ்ச நாள் உட்டீங்கன்னா இந்த ரூமுக்குள்ளயே முட்டை வெக்கும்.”

அவன் மனைவி சாந்தாமணி கழுவிய தண்ணீர்த் தட்டோடு வந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

குஞ்சுகள் வந்த நாளிலிருந்து அவள் இந்த அறையில்தான் படுக்கிறாள். கரண்டு போனால் உடனே எழுந்து அரிக்கேன் விளக்கை மாட்ட ஆள் வேண்டும். அது நியாயந்தான். முதலில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. போகப்போகத் தூக்கம் கெட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குஞ்சுகளோடு பேசுவது கேட்கும். அவனோடு அவள் பேசுவது இரண்டே பேச்சு. சோறு வெச்சாச்சுங்க. தண்ணி காஞ்சிருச்சுங்க.

அதே வாரத்தில், குஞ்சுகள் வருவதற்குச் சற்று முன்னால்தான், அவளுடைய அப்பா ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். அன்று கிணற்று மோட்டார் புகைந்துபோன எரிச்சல் அவனுக்கு. இலையில் உட்கார்ந்தவரைப் பார்த்து, “என்னங்க, மாசம் ரெண்டு தடவை சோத்துக்கு வந்தர்றீங்களாட்ட இருக்குது” என்று கேட்டுவிட்டான். மாமனார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனார். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காததால் ஆறிவிட்டது என்று அவன் நினைத்தான். மிச்சமிருப்பதும், அவள் தங்கள் அறைக்குத் திரும்பி வந்துவிட்டால் சரியாகிவிடும். அதற்குக் குறுக்கே நிற்பது இந்தக் குஞ்சுகளும் அம்மாவும்தான்.

“நீ சொல்லு புள்ள. மாத்தலாமா?”

சாந்தாமணி மாமியாரைத்தான் பார்த்தாள்.

“றெக்கை மூடிருச்சுங்க அத்தை. பொழுதிருக்கவே மாத்தினாத்தான் எடம் பழகும்.”

“காத்தடிச்சா?”

“சாக்குப் படுதா கட்டிப்போட்டேனுங்க. மூலைல போய் அடையாதபடிக்கு அட்டை வெச்சு வளைச்சும் போட்டேன். பல்பும் ஒண்ணு இழுத்தாச்சுங்க.”

செங்கோட்டையனுக்கு நெஞ்சு துள்ளியது. எல்லாம் செய்து வைத்திருக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“பாத்தீங்களாம்மா? எனக்கு மேல அவளுக்கு அவசரம்.”

“அவசரந்தான்” என்றாள் பாவாத்தாள். கையிலிருந்த குஞ்சை மெல்லக் கீழே விட்டாள்.

கூடைகளில் அள்ளித் துண்டு போட்டு மூடி, அவனே சுமந்தான். நடக்கவில்லை, ஓடினான். வெளிக்கூண்டின் கதவைத் திறந்து விட்டதும் குஞ்சுகள் திகைத்து நின்றன. ஒன்று தரையைக் கொத்தியது. மற்றவையும் கொத்தின.

அப்போது மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. படுதா படபடத்தது. குஞ்சுகள் கத்திக்கொண்டு ஒரே பக்கமாக ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின.

“ஏறுது புள்ள! ஏறுது!”

சாந்தாமணி பதறவில்லை. உள்ளே நுழைந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பரப்பிவிட்டாள். பல்பைத் தாழ்த்திக் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தன. ஒன்றும் சாகவில்லை.

“அவ்வளவுதானுங்க. இனி ஆரு வேணும்னாலும் பாத்துக்கலாம்” என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு!

அவள் கைகால் கழுவத் தொட்டிக்குப் போனாள். அவன் நேராகப் பருத்தி அறைக்குப் போனான். அவளுடைய பாயையும் தலையணையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

பல்பை அணைத்துவிட்டு, உமியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் பாவாத்தாள்.

“பாயை எங்க கொண்டுபோறே?”

“என்ற ரூமுக்குத்தான். அவளுக்கு இனி இங்க என்ன வேலைங்க?”

“இந்த ஊட்லயே என்ன வேலை?”

அவனுக்குப் புரியவில்லை.

“குஞ்சுப் பொட்டி வந்து எறங்கறப்ப அவ துணிமணியெல்லாம் கட்டிப்போட்டு ஈரோட்டு பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தா. அவ ஆசையா சொல்லி வெச்ச குஞ்சுக. இதுகளை வெளிய மாத்தற மட்டுமாவது இரு அம்மணின்னு நாந்தான் கையைப் புடிச்சேன். அதுவரைக்கும் இருக்கறனுங்கன்னா.”

தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது. செங்கோட்டையன் பாயைக் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துப் போகவும் இல்லை.

“நானும் என்னென்னமோ சொல்லி ஒவ்வொரு நாளாத் தள்ளிப் பாத்தேன். நீ இனி எதைச் சொல்லி நிறுத்தப் போறே, கண்ணு?”